உல்ரும் சிற்றூரும் 1834ஆம் ஆண்டின் பிரிவினையும்

நெதர்லாந்து நாட்டின் வடகோடியில், க்ரோனிங்கன் மாகாணத்தில், கடலுக்கு அணித்தாக உல்ரும் என்னும் சிற்றூர் உள்ளது. திருச்சபை வரலாற்றைக் கற்போர் டோர்ட், லைடன், உத்ரெக்ட் முதலிய நகரங்களை அறிவர். உல்ருமின் பெயரையோ பாடநூலின் ஒரு வரியில் கண்டு கடந்து செல்வர். ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் டச்சு சீர்திருத்தத் திருச்சபையில் நேர்ந்த முதற் பெரும்பிளவு இவ்வூர்ப் போதகர் இல்லத்தில்தான் கையொப்பம் பெற்றது.

கடலைத் தடுக்கும் அணைகள் எழுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே இப்பகுதி மக்கள், களிமண்ணையும் சாணத்தையும் குவித்து மேடுகள் அமைத்து அவற்றின்மேல் குடியிருந்தனர். இம்மேடுகளை அவர்கள் ‘வீர்டெ’ என்றழைப்பர். உல்ரும் அத்தகையதொரு மேட்டில் தோன்றிய ஊராகும். அதன் பழைய ஆலயம் இடைக்காலத்தது. பரிசுத்த கத்தரீனாளின் பெயரைத் தாங்கியது. ஊரின் மற்றோர் அடையாளமாக விளங்கிய ஆசிங்கா மாளிகை 1809இல் இடிக்கப்பட்டது. இப்பகுதியின் பல ஊர்களில் போதகரைத் தெரிந்துகொள்ளும் உரிமை இத்தகைய மாளிகைகளின் நிலக்கிழாரிடமே நெடுங்காலம் இருந்துவந்தது என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். களிமண் நிலம் கோதுமைக்கு ஏற்றது. ஆதலால் பெருநில உழவர் செல்வராயினர், கூலியாட்கள் வறியராகவே இருந்தனர்.

1826 முதல் 1829 வரை இச்சபையின் போதகராய் இருந்தவர் பெட்ரூஸ் ஹோப்ஸ்டெடெ டெ க்ரோட். பின்னர் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, கிறிஸ்துவை மனுக்குலத்தைப் பயிற்றுவிக்கும் ஆசிரியராகக் காட்டிய ‘க்ரோனிங்கன் இறையியலின்’ தலைவராய் விளங்கியவர் இவரே. அவருக்குப்பின் அதே பிரசங்க பீடத்தில் ஏறியவர் அவருடைய நண்பர் ஹெண்ட்ரிக் டெ கோக். இவர் 1801இல் ஃபேண்டம் என்னும் ஊரிற் பிறந்தவர். க்ரோனிங்கனிலேயே இறையியல் பயின்றவர். ஒரே பீடத்தில் அடுத்தடுத்து நின்ற இவ்விருவரும் பிற்காலத்தில் எதிரெதிர் முனைகளுக்குச் சென்றனர்.

டெ கோக் உல்ருமுக்கு வந்தபோது கால்வினின் பெருநூலைப் படித்தவரல்லர். சீர்திருத்தத் திருச்சபையின் போதகர் ஒருவர் அதைப் படியாமலே பட்டம் பெற்றது அக்காலத்து இறையியற் கல்வியின் நிலையைக் காட்டுகிறது. அவரை அந்நூலின்பால் திருப்பியதில் அறிஞரைவிட எளியோருக்கே பெரும்பங்கு உண்டு. க்ளாஸ் கௌப்பெங்கா என்னும் எளிய சபையார் ஒருவர், தம் இரட்சிப்பிற்குத் தம்முடைய ஒரு பெருமூச்சையேனும் சேர்க்கவேண்டுமாயின் தாம் என்றென்றும் கெட்டவரே என்று தம் போதகரிடம் கூறினார் என வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். டெ கோக் கால்வினையும் டோர்ட் மாமன்றத்தின் தீர்மானங்களையும் கற்றார். அவருடைய பிரசங்கம் மாறிற்று. அண்டை ஊர்களிலிருந்தும் மக்கள் நடந்தும் வண்டியேறியும் உல்ருமுக்குத் திரண்டனர். தங்கள் ஊர்ப் போதகரின் போதனையை ஏற்காதோர் குழந்தைகளை அவரிடமே ஞானஸ்நானத்திற்குக் கொணர்ந்தனர், அவரும் கொடுத்தார்.

இங்குதான் சட்டம் குறுக்கிட்டது. முதலாம் வில்லெம் அரசர் 1816இல் அளித்த ஒழுங்குமுறையின்படி திருச்சபை மேலிருந்து ஆளப்படும் நிர்வாகமாகியிருந்தது. 1833இல் டெ கோக், தம்மை எதிர்த்தெழுதிய இரு போதகரைக் கிறிஸ்துவின் மந்தையைத் தாக்கும் ஓநாய்கள் எனச் சாடி ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் பணியினின்று நிறுத்திவைக்கப்பட்டார். அடுத்து, 1807 முதல் ஆலயங்களில் வழங்கிவந்த 192 ஞானப்பாட்டுகளைக் கடுமையாக இகழ்ந்த ஒரு நூலுக்கு அவர் முகவுரை எழுதவே, 1834 மே 29இல் பதவி நீக்கப்பட்டார். அவருடைய சொற்கள் கொடியவை என்பதை நாம் மறுப்பதற்கில்லை. பாட்டுப் புத்தகத்தை முன்னிட்டுச் சபைகள் கொதிப்பது எந்நாட்டிலும் புதிதன்று. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி, சபையின் விசுவாச அறிக்கை இன்னும் போதகரைக் கட்டுப்படுத்துகிறதா என்பது. மேலதிகாரிகளோ ஒழுங்கு மீறப்பட்டது என்றே விடை தந்தனர். கேட்டதற்கு அது விடையன்று. நம் கருத்தில் பிளவின் வேர் அங்கேதான் உள்ளது.

1834 அக்டோபர் 10ஆம் நாள், வெள்ளிக்கிழமை, தென்பகுதியிலிருந்து வந்த ஹெண்ட்ரிக் ஸ்கோல்டெ என்னும் இளம் போதகர் உல்ரும் ஆலயத்திற் பிரசங்கித்தார். ஞாயிறன்று அவருக்குப் பீடம் மறுக்கப்பட்டது. எனவே திரண்டிருந்த கூட்டத்திற்கு அவர் வெளியிலே பிரசங்கித்தார். மறுநாள் மூப்பரும் உதவிக்காரரும் ‘பிரிவினை அல்லது திரும்புதல்’ எனும் பத்திரத்திற் கையெழுத்திட்டனர். அத்தலைப்பின் இரண்டாம் சொல்லை நாம் ஊன்றிக் கவனித்தல் தகும். தாங்கள் புதிய சபையை உண்டாக்கவில்லை, பிதாக்களின் விசுவாசத்திற்கே திரும்புகிறோம் என்பது அவர்கள் எண்ணம்.

அரசு படைவீரரை ஊருக்குள் அனுப்பிப் பிரிந்தோரின் வீடுகளில் தங்கவைத்தது. அவர்களுக்கு உணவும் படுக்கையும் தரும் பொறுப்பு அவ்வீட்டாருடையது. இருபது பேருக்கு மேற்பட்டோர் அனுமதியின்றிக் கூடலாகாது என்னும் நெப்போலியன் காலத்துத் தண்டனைச் சட்டம் வழிபாட்டின்மேல் ஏவப்பட்டது. டெ கோக் க்ரோனிங்கனில் மூன்று மாதம் சிறையிருந்தார். பின்னர் போதகர் இல்லத்தையும் இழந்து ஊரைவிட்டு அகன்றார், 1842இல் மறைந்தார். பழைய ஆலயம் அரசு ஆதரவு பெற்ற சபையிடமே நின்றது.

இரண்டாம் வில்லெம் 1840இல் அரியணை ஏறியபின் கெடுபிடி தளர்ந்தது. எனினும் வறுமையும் ஒடுக்குமுறையும் பலரைக் கடல்கடக்கச் செய்தன. 1847இல் வான் ரால்டெயின் தலைமையில் வந்தோர் மிச்சிகனில் ஹாலண்டு என்னும் ஊரையும், ஸ்கோல்டெயின் தலைமையில் வந்தோர் அயோவாவிற் பெல்லாவையும் நிறுவினர். நாட்டிலே தங்கியோர் 1854இல் காம்பனில் இறையியற் பள்ளி தொடங்கினர். டெ கோக்கின் மகன் ஹெலேனியுஸ் அதன் முதல் ஆசிரியருள் ஒருவர். 1892இல் இவர்களுட் பெரும்பாலோர் ஆபிரகாம் கௌப்பரின் இயக்கத்தாரோடு இணைந்தனர்.

அவ்விணைப்பில் தோன்றிய சபைகள், 1834இல் உல்ரும் மக்கள் விட்டு நீங்கிய அதே திருச்சபையோடும் லூத்தரன் திருச்சபையோடும் 2004 மே 1ஆம் நாள் ஒன்றாயின. ஆயினும் 1892இன் இணைப்பை ஏற்காதோர் வழிவந்த சபைகள் அவ்வொன்றிப்பிற் சேரவில்லை. அவையும் தங்கள் தொடக்கத்தை உல்ருமிலிருந்தே எண்ணுகின்றன.