விளையாட்டுக் கணினி: உறுப்புகளைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?



கணினி என்பது அலுவலகக் கிராணிமார்க்கே உரியது என்று எண்ணிய காலம் மலையேறிவிட்டது. இன்று தோட்டத்து வீடுகளிலும் “எனக்கொரு கேமிங் கணினி வேண்டும்” என்னும் குரல் கேட்கிறது. அக்குரலைக் கேட்டவுடன் முகஞ்சுளிப்பது பெற்றோர் இயல்பு. நாமும் அவ்வாறு சுளித்தவரே. எனினும், சென்ற ஆண்டு நம் பள்ளியில் நிகழ்ந்த ஒன்று நம் எண்ணத்தை மாற்றியது. அதனை முதற்கண் கூறிப் பின்னர்ப் பொருளுக்கு வருவோம்.

செம்பனைக் குலை வெட்டும் தந்தை ஒருவர், படிவம் ஐந்தில் பயிலும் தம் மகனுக்குத் தவணை முறையில் ஒரு கணினி வாங்கிக் கொடுத்தார். பெட்டியின் பக்கமெல்லாம் கண்ணாடி. உள்ளே பல வண்ண விளக்குகள் மாறி மாறி ஒளிர்ந்தன. நான்கே மாதங்களில் அஃது அணைந்துவிட்டது. விற்றவர்கள் கைவிரித்துவிட்டனர். தவணையோ இன்னும் இருபது மாதங்கள் பாக்கி இருந்தது. அத்தந்தை பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். “சார், நீங்க படிச்சவங்க, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நாம் கற்ற கல்வி, கணினியைத் திறந்து பார்க்கப் போதுமானதன்று. ஆகவே, போலிடெக்னிக்கில் மின்னியல் பயிலும் நம் பழைய மாணவர் ஒருவரை அழைத்தோம். அவர் பெட்டியைத் திறந்ததும் கருகிய நாற்றம் எழுந்தது. பெயரும் முத்திரையும் இல்லாத மலிவான மின்வழங்கி எரிந்து, தன்னோடு தாய்ப்பலகையையும் கெடுத்திருந்தது. “விளக்குக்குப் போட்ட காசை இதுல போட்டிருக்கலாம் சார்” என்றார் அவ்விளைஞர். அன்று பிற்பகல் முழுவதும் அவர் ஆசிரியரானார், நாம் மாணவரானோம். அன்று கற்றதையும் பின்னர்த் தேடி அறிந்ததையும் ஈண்டுத் தருகின்றோம்.

கடைக்குச் செல்லுமுன்

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பர் நம் முன்னோர். கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் மூன்று விடைகளை எழுதுக. எந்த விளையாட்டு? எத்தகைய திரை? எவ்வளவு பணம்?

ஒவ்வொரு விளையாட்டையும் வெளியிடுவோர், அதற்கு வேண்டிய குறைந்த அளவு உறுப்புகள் எவை, பரிந்துரைக்கப்படுபவை எவை என அறிவிக்கின்றனர். மைன்கிராஃப்ட், ரோப்ளாக்ஸ், வேலோரண்ட் போன்றவை எளிய கணினியிலும் ஓடும். எளிய விளையாட்டை ஆடுபவன் பெரும் பொருள் செலவிடத் தேவையில்லை.

திரையைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணத் திரையில் அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 2,073,600. காட்சி தடங்கலின்றி ஓட நொடிக்கு 60 படங்கள் வேண்டுமெனின், ஒரு நொடியில் 124 மில்லியனுக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் தீட்ட வேண்டும். நான்கு-கே எனப்படும் திரையிலோ அகலமும் உயரமும் இரு மடங்கு. ஆகவே வேலை நான்கு மடங்கு. பெரிய திரைக்கு ஆசைப்படுவோர் அதற்கேற்ற விலையுயர்ந்த அட்டையையும் வாங்க நேரும்.

கிராணியும் ஆட்களும்

கணினியின் இரு முதன்மை உறுப்புகள் செயலியும் வரைகலை அட்டையும் ஆகும். காலைப் பெரட்டை நினைத்துக்கொள்க. கிராணி பெயர் கூப்பிட்டு, வேலையைப் பகிர்ந்து கொடுக்கிறார். ஆட்கள் ஆளுக்கொரு நிரையில் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றனர். செயலி அக்கிராணி, வரைகலை அட்டை அவ்வாட்கள். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600 என்னும் செயலியில் ‘கோர்’ எனப்படும் கணிப்புக் கூறுகள் 6 மட்டுமே. ஆயினும் அவை ஒவ்வொன்றும் பலவகை வேலையறிந்தவை. 2023இல் வெளிவந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 என்னும் அட்டையிலோ 3,072 சிறு கூறுகள் உள்ளன. அவை எளிய வேலையை ஒருங்கே செய்து திரையை நிரப்புகின்றன.

கிராணி மந்தமானவரெனின் ஆட்கள் கைகட்டி நிற்பர். ஆட்கள் குறைவெனின் கிராணி எத்துணைச் சுறுசுறுப்பானவராயினும் வேலை முடியாது. இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். எஞ்சியவற்றை வாங்கப் பணம் வைத்துக்கொள்ளாது ஒன்றில் மட்டும் கொட்டுவது வீண். விளையாட்டுக்கென வாங்கும் கணினியில், மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையேனும் வரைகலை அட்டைக்கு ஒதுக்குவது முறை.

பொருந்துமா எனப் பார்த்தல்

எல்லா உறுப்புகளையும் தாங்கி இணைப்பது தாய்ப்பலகை. செயலி உட்காரும் குழிக்குச் சாக்கெட் என்று பெயர். ஏஎம்டியின் ரைசன் செயலிகள் 2017 முதல் ஏஎம்4 என்னும் சாக்கெட்டிலும், 2022 முதல் ஏஎம்5 என்னும் சாக்கெட்டிலும் அமைந்தன. ஒன்றுக்குரியது மற்றொன்றில் பொருந்தாது. இண்டெல் செயலிகளுக்கும் தனித்தனிச் சாக்கெட்டுகள் உண்டு.

நினைவகமும் அவ்வாறே. டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இருவகைப் பட்டைகளிலும் வெட்டுப்பள்ளம் வெவ்வேறிடத்தில் இருக்கும். மாற்றிச் செருக இயலாது. அளவு 16 கிகாபைட் இருப்பின் இன்று பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதும். அதனையும் ஒரே பட்டையாக வாங்காது 8, 8 என இரு பட்டைகளாகச் செருகினால், செயலிக்குத் தரவு இரு வழிகளில் சென்று வேகம் கூடும். நினைவகத்தின் விலை நிலையானதன்று. 2025ஆம் ஆண்டின் இறுதியில் அது மளமளவென ஏறியது. ஆகவே, வாங்கும் வாரத்தில் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தல் நன்று.

சேமிப்புக்குப் பழைய சுழல்தட்டை நாட வேண்டா. அது நொடிக்கு 100 முதல் 250 மெகாபைட் வரை படிக்கும். எஸ்எஸ்டி எனப்படும் திடநிலைச் சேமிப்பகம், சாதாரண வகையே 550 மெகாபைட்டை நெருங்கும். என்விஎம்இ வகையில் 3,000த்தைக் கடந்தவை பல.

மின்வழங்கி

யாரும் காணாத இவ்வுறுப்பே நம் கதையில் வரும் தந்தையை அழவைத்தது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருவது இதன் பணி. இது கெட்டால் தான் மட்டும் கெடாது, பிறவற்றையும் கெடுக்கக் கூடும்.

கணக்கு எளிது. மேற்கூறிய அட்டைக்கு 115 வாட். செயலிக்கு உச்ச வேளையில் 90 வாட். பிறவற்றுக்கு 50 வாட் எனக் கொள்வோம். மொத்தம் 255. எனினும் திடீரெனக் கூடும் தேவைக்கும் இடம்விட வேண்டும். அவ்வட்டைக்கு 550 வாட் மின்வழங்கியை அதனைச் செய்த நிறுவனமே பரிந்துரைக்கிறது. ‘80 பிளஸ்’ என்னும் முத்திரை மின்சாரம் குறைவாக வீணாவதைக் காட்டும்; அது மட்டும் போதாது. மின்னோட்டம் மிகுந்தால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு உண்டா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பவற்றையும் கேட்டறிக.

மின்வழங்கியின் மூடியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்கலாகாது. செருகியைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் உயிரைப் பறிக்கவல்ல மின்சாரம் தங்கியிருக்கும். இடி மிகுந்த நாடு நமது. வானம் இருண்டால் மின்செருகியோடு இணையக் கம்பியையும் கழற்றிவிடுக.

பெட்டியைப் பொறுத்தவரை அழகைவிடக் காற்றோட்டமே முக்கியம். முன்புறம் வலைத்துளைகளும், காற்றை உள்ளிழுக்க ஒரு விசிறியும் வெளித்தள்ள ஒரு விசிறியும் இருந்தால் நம் நாட்டு வெப்பத்தைத் தாங்கும்.

பயன்படுத்தியவற்றை வாங்குதல்

புதியன வாங்க இயலாதோர் வருந்த வேண்டா. அலுவலகங்கள் கழித்த கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 14.10.2025 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ ஏற்கும் செயலியா எனக் கேட்க வேண்டும். இண்டெல் எனின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலானவையே ஏற்கும். வரைகலை அட்டையை வாங்குமுன், கடையிலேயே அரை மணி நேரம் ஒரு விளையாட்டை ஓடவிட்டுக் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டா. அலுவலகக் கணினியின் மின்வழங்கி புதிய அட்டையைத் தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்க.

நிகழ்ச்சியின் முடிவு

எரிந்த கணினியில் செயலி, நினைவகம், அட்டை மூன்றும் தப்பியிருந்தன. பயன்படுத்திய தாய்ப்பலகை ஒன்றையும், நல்ல புதிய மின்வழங்கி ஒன்றையும் அத்தந்தை வாங்கி வந்தார். அவர் மகன், பழைய மாணவரின் மேற்பார்வையில், முதலில் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொண்டு, ஒவ்வோர் உறுப்பையும் தன் கையாலேயே பொருத்தினான். செயலியின் மேலிருந்த பழைய களிம்பைத் துடைத்தபோது, உலோக மூடியில் நம் நாட்டின் பெயர் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கக் கண்டு வியந்தான். இண்டெல் நிறுவனம் தன் நாட்டுக்கு வெளியே அமைத்த முதல் தொழிற்சாலை 1972இல் பினாங்கில் தொடங்கியதே என்பதை அவனுக்கு எடுத்துரைத்தோம். “அப்ப, இத நம்ம ஊர்லயே செய்றாங்களா சார்?” என்று கேட்டான். அவ்வினாவைக் கேட்டபோது, விளையாட்டுக் கணினி குறித்து நமக்கிருந்த சுளிப்பு நீங்கியது.

பொத்தானை அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது. தந்தை மட்டும் ஐயத்தோடு பெட்டியையே பார்த்திருந்தார். “விளக்கு ஒன்னும் எரியலயே சார், ஓடுமா?” என்றார். ஓடுகிறது, இன்றும் ஓடுகிறது. மாலையில் ஒரு மணி நேரம் அண்ணன் விளையாடுகிறான். அதற்கு முன் தங்கை அதிலேயே தன் பாடங்களைச் செய்கிறாள்.

பெற்றோர்களே! பிள்ளை கேட்டவுடன் மறுக்கவும் வேண்டா. கேட்டவுடன் தவணைத் தாளில் கையொப்பமிடவும் வேண்டா. “முதலில் கணக்கெழுதிக் காட்டு” என்று சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே! அக்கணக்கை நீங்களே எழுதுங்கள். அதனை எழுதி முடிக்கும்போது, நீங்கள் கணினியைப் பற்றி மட்டுமன்றி, உங்கள் பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணத்தைப் பற்றியும் அறிந்திருப்பீர்கள்.

வாழ்க மாணவர்! வளர்க அவர்தம் அறிவு!