அப்பாவின் மைப்பேனையும் கரைந்துபோன பதினொரு பக்கங்களும்

2019 ஆம் ஆண்டு, மாரி தொடங்கியிருந்த நேரம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் அப்போது மூன்றாவது ஆண்டைக் கடந்துகொண்டிருந்தது. கொட்டகையில் ஓர் அம்மாவுடன் இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக இருந்தேன். கைபேசியில் பதிவுசெய்யலாமா என்று கேட்டபோது அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"குரல் வேண்டாம் பிள்ளை. எழுதுங்கோ, சொல்லுறன்."

எழுதினேன். மகன் கடைசியாக உடுத்திருந்த சேட்டின் நிறம், கையளித்த இடம், அந்த நேரம் பக்கத்தில் நின்றவர்கள் என்று எல்லாமாகப் பதினொரு பக்கங்கள். திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்திலேயே துணிப்பை நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தால், பக்கங்கள் எல்லாம் வெளிர் நீலமாக இருந்தன. எழுத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. மூலைகளில் பென்சிலால் குறித்திருந்த திகதியும் பக்க எண்ணும் மட்டும் அப்படியே இருந்தன.

பிழை மழையில் இல்லை. பேனைக்குள் நான் ஊற்றியிருந்த மையில் இருந்தது. மைப்பேனை பழகத் தொடங்கிய ஒருவர் செய்யக்கூடிய பிழைகளில் அநேகமாக எல்லாவற்றையும் நான் செய்திருக்கிறேன். அவற்றை ஒழுங்காக எழுதிவைத்தால் இன்னொருவருக்காவது பயன்படும் என்பதால் இந்தக் கட்டுரை.

பேனை கைக்கு வந்த கதை

எங்கள் வீட்டிலும் ஒரு 'பைல் பை' இருந்தது. காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், அப்பாவின் நியமனக் கடிதம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா முதலில் தூக்கியது அதைத்தான். அப்பா காலமான பிறகு ஒருநாள் அந்தப் பையை ஒழுங்குபடுத்துகையில் அடியில் ஒரு கறுப்புப் பேனை கிடந்தது. பொன்னிற மூடி போட்ட, சீனத் தயாரிப்பான ஹீரோ 616.

"உது கொப்பாவின்ரை பேனை. சம்பளப் பட்டியல் எல்லாம் உதாலைதான் எழுதினவர்" என்றார் அம்மா.

எங்கள் பெற்றோரின் தலைமுறையில் பலருக்கு இந்தப் பேனையைத் தெரிந்திருக்கும். 1941 இல் அமெரிக்காவில் அறிமுகமான பாக்கர் 51 ஐப் பார்த்துச் செய்யப்பட்ட மலிவான பேனை இது. நிப்பின் பெரும்பகுதி மூடப்பட்டு, நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். உள்ளே ஒரு சின்னப் பை. அதை அமத்தி விட்டால் மை ஏறும்.

எனக்கு அது தேவைப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மணிக்கணக்காகக் கையால் குறிப்பெடுப்பவர்களுக்கு விரல் நோவு புதிதல்ல. குமிழ்முனைப் பேனையால் இருபது பக்கம் எழுதினால் என் பெருவிரல் இரவு முழுக்க உளையும்.

முதல் பிழை: கழுவாமல் நிரப்பியது

பேனை கிடைத்த அன்றே ஒரு போத்தல் நீல மை வாங்கி நிரப்பினேன். எழுதவில்லை. உதறினேன், நிலத்தில் மைத்துளிகள் தெறித்தன. பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன்.

மைப்பேனை எழுதுவதற்கு இரண்டு விடயங்கள் ஒன்றாக நடக்கவேண்டும். மை வெளியே வரவேண்டும். அது விட்டுப்போன இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகவேண்டும். நிப்புக்கு அடியில் உள்ள நாக்குப் போன்ற பகுதியில் இதற்காக நுண்ணிய வாய்க்கால்கள் உண்டு. 1884 இல் லூயிஸ் வோட்டர்மன் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பேனையின் முக்கியமான விடயமும் இந்த மையையும் காற்றையும் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடுதான். நிப்பின் நடுவிலுள்ள பிளவு நுனியை நோக்கி ஒடுங்கிக்கொண்டு போவதால், திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல மை தானாக நுனிக்கு இழுபடுகிறது. பழைய மை காய்ந்து அந்த வாய்க்காலை அடைத்திருந்தால் எவ்வளவு மை நிரப்பியும் பயனில்லை.

செய்யவேண்டியது பொறுமையான வேலை. நிப் பகுதியைச் சாதாரண தண்ணீரில் ஊறவைத்து, பையை அமத்தி அமத்தித் தண்ணீரை உள்ளே எடுத்து வெளியே விடவேண்டும். அப்பாவின் பேனையிலிருந்து நான்காம் நாள்வரை நீலம் வந்துகொண்டேயிருந்தது. அவர் கடைசியாக நிரப்பிய மை அது. கொஞ்சம் மனது கனத்தது.

சுடுதண்ணீர் கூடாது, பிளாஸ்ரிக் வளைந்துவிடும். ஸ்பிரிட்டும் கூடாது, சில வகைப் பிளாஸ்ரிக்கில் வெடிப்பு விழும். பிடிவாதமான அடைப்பென்றால் தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விடலாம். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இன்னொன்று: எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இருப்பவை. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளை பேனைக்குள்ளும் படியலாம். கடைசிக் கழுவலுக்கு வடிகட்டிய தண்ணீரோ மழைத்தண்ணீரோ நல்லது.

இரண்டாவது பிழை: அழுத்தி எழுதியது

குமிழ்முனைப் பேனையை உருவாக்கியவர் லாஸ்லோ பிரோ என்ற ஹங்கேரியப் பத்திரிகையாளர். அச்சகத்து மை உடனே காய்வதைக் கண்டு, தடிப்பான மையைச் சிறு உருண்டையால் தாளில் உருட்டும் பேனையை உருவாக்கி 1938 இல் காப்புரிமை பெற்றார். தடிப்பான மையைப் பூச உருண்டை உருளவேண்டும். அதற்குக் கை அழுத்தவேண்டும். பள்ளிக்கூடக் காலம் முழுக்க எங்கள் கை பழகியது இதற்குத்தான்.

மைப்பேனைக்கு அழுத்தமே தேவையில்லை. அழுத்தினால் நிப்பின் இரண்டு கால்களும் விரிந்து, பிளவு அகலமாகி, மை நுனிக்கு வருவது தடைப்படும். எழுதவில்லை என்று இன்னும் அழுத்துவோம். இப்படித்தான் பல நிப்புகள் கெட்டுப்போகின்றன. பேனையின் பாரமே போதும். கை அதை நகர்த்தினால் சரி. எனக்கு இது பிடிபட ஒரு மாதம் சென்றது. அதன் பிறகு பெருவிரல் உளையவில்லை.

இன்னொரு பழக்கத்தையும் விடவேண்டும். குமிழ்முனைப் பேனையை விரலுக்குள் எப்படி உருட்டிப் பிடித்தாலும் எழுதும். நிப் அப்படியல்ல. அதன் இரண்டு கால்களும் ஒரே அளவில் தாளைத் தொடவேண்டும். சற்றுச் சரிந்தாலும் கீறும். நேராகப் பிடித்தும் கீறினால், பூதக்கண்ணாடியால் நுனியைப் பாருங்கள். விழுந்த பேனையில் ஒரு கால் மேலேயும் மற்றது கீழேயும் நிற்கும். நகத்தால் மெதுவாகத் தள்ளி மட்டப்படுத்தலாம். அரத்தாளால் தேய்க்கப் போகவேண்டாம். நுனியில் உள்ள கடினமான உலோக மணி தேய்ந்துவிட்டால் அந்த நிப் திரும்ப வராது.

மூன்றாவது பிழை: தாளைப் பார்க்காதது

மலிவான கொப்பித் தாளில் மை வேர்விட்டதுபோல் பரவியது, மறுபக்கமும் ஊறியது. தாளின் நார்களுக்கிடையில் மை ஓடாமலிருக்கத் தயாரிக்கும்போது ஒருவகைப் பசைப் பூச்சுக் கொடுப்பார்கள். அது குறைந்த தாள் ஒற்றுத்தாள் போலவே நடந்துகொள்ளும். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் கிடைத்த தாளிலெல்லாம் எழுதியவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

நல்ல தாள் இங்கு எல்லா நேரமும் கிடைப்பதில்லை. 2022 நெருக்கடியில் அச்சுத்தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்ட நாடு இது. ஆகவே தாளை மாற்ற முடியாவிட்டால் நிப்பை மாற்றலாம். மெல்லிய நிப் குறைவாக மை விடும். தமிழ் எழுதுவதற்கும் அதுவே வசதி. தடித்த நிப்பால் எழுதினால் 'ணி', 'ஞ', 'ழ' போன்றவற்றின் சுழிகள் மூடிக்கொள்ளும். புள்ளி வைத்த இடம் பொட்டாகிவிடும். ஜப்பானிய நிப்புகள் அதே அளவு குறிக்கப்பட்ட ஐரோப்பிய நிப்புகளைவிடப் பொதுவாக மெல்லியவை.

நான்காவது பிழை: வெயிலில் பாதிப் பேனை

ஒருநாள் மதியம் பஸ்ஸில் இருந்து இறங்கி மூடியைத் திறந்தபோது கை முழுக்க மை. பேனையில் பாதி மைதான் இருந்தது. மீதி இடத்தில் காற்று. சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளியிருக்கிறது. நிறைந்த பேனையில் காற்றுக் குறைவு, கசிவும் குறைவு. பயணம் போகும்போது ஒன்றில் முழுதாக நிரப்புங்கள், அல்லது வெறுமையாகக் கொண்டுபோங்கள். நிப் மேலே பார்த்தபடி வைத்தால், விரியும் காற்று மையைத் தள்ளாமல் தான் மட்டும் வெளியேறிவிடும். அப்பாவின் தலைமுறை பேனையைச் சேட்டுப் பையில் நிமிர்த்திச் செருகியது வெறும் அழகுக்காக அல்ல.

பெரிய பிழை: எல்லா மையும் ஒன்றென்று நினைத்தது

இனி அந்தப் பதினொரு பக்கங்களுக்கு வருகிறேன். நான் வாங்கிய போத்தலின் லேபிளில் 'வொஷபிள்' என்று தெளிவாகவே போட்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் உடுப்பில் பட்டால் கழுவிப் போவதற்கென்று செய்த மை. துணியிலிருந்து போகக்கூடியது தாளிலிருந்தும் போகும் என்று நான் யோசிக்கவில்லை.

மைப்பேனைக்கான மைகளை மூன்றாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, தண்ணீரில் கரைந்த சாய மை. பேனைக்கு மிகவும் பாதுகாப்பானது, கழுவ இலகு. ஆனால் பெரும்பாலானவை தண்ணீரில் கரையும். பல வெயிலில் வெளிறும்.

இரண்டாவது, இரும்பு மை. மாசிக்காய் போன்றவற்றின் துவர்ப்புச் சத்தும் இரும்பு உப்பும் சேர்ந்து உருவாவது. எழுதும்போது வெளிறியிருந்தாலும் காற்றுப் படப்பட இரும்பு மாற்றமடைந்து கறுத்து, தாளின் நாரோடு பிடித்துக்கொள்ளும். பிரித்தானியாவில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளுக்கு நீண்டகாலம் பாவித்தது இந்த வகையைத்தான். இதில் அமிலத்தன்மை உண்டு. பேனைக்குள் காயவிட்டால் வண்டல் படியும். நாளடைவில் உருக்கு நிப்பையும் அரிக்கும். மைப்பேனைக்கென்று செய்யப்பட்ட மென்மையான வகையை மட்டும் வாங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை பேனையைக் கழுவவேண்டும்.

மூன்றாவது, நுண்துகள் மை. ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரியைப் பூசித் துடைப்பார்கள் அல்லவா? கரி தண்ணீரில் கரையாது, வெயிலில் வெளிறாது. அதேபோல் கரியின் மிக நுண்ணிய துகள்களைக் கொண்ட மைகளும் உண்டு. எழுத்து நிலைக்கும். ஆனால் பேனைக்குள் காய்ந்துவிட்டால் எடுப்பது கடினம். இங்கு ஓர் எச்சரிக்கை: ஓவியக்காரர் பாவிக்கும் இந்தியன் இங்கையும் முத்திரை மையையும் மைப்பேனைக்குள் ஊற்றவே கூடாது. இந்தியன் இங்கில் பெரும்பாலும் அரக்குச் சேர்ந்திருக்கும். அது பேனையை அடைத்துவிடும்.

உண்மையைச் சொன்னால், விண்ணப்பப் படிவம், முறைப்பாடு, சத்தியக் கடதாசி போன்றவற்றுக்குச் சாதாரணக் குமிழ்முனைப் பேனையே போதும். அதன் எண்ணெய் மை தண்ணீரில் இலகுவில் கரையாது. மைப்பேனையில் ஆசைப்பட்டு 'வொஷபிள்' நீலத்தால் எதிலும் கையொப்பம் வைத்துவிடாதீர்கள். எந்த மையாக இருந்தாலும் முதலில் ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஒருநாள் காயவிட்டு, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை.

மறுபடியும் கிளிநொச்சிக்கு

அடுத்த கிழமை அந்த அம்மாவிடம் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"திருப்பிச் சொல்லுறது எங்களுக்குப் புதுசே பிள்ளை? எத்தினை ஆணைக்குழுவிலை சொல்லியாச்சு. எல்லாரும் எழுதிக்கொண்டுதான் போனவை."

அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். சேட்டின் நிறத்தைச் சொல்லும்போது முன்பு போலவே நிறுத்தினார். என் கவலையீனத்துக்காக ஒரு தாய் அந்த நாளுக்கு இன்னொருமுறை போய் வரவேண்டியிருந்தது. அதை எந்த மையாலும் ஈடுசெய்ய முடியாது.

இப்போது என் பையில் இரண்டு பேனைகள் இருக்கின்றன. சாட்சியங்களை எழுத, நிலைக்கும் மை நிரப்பிய, விலை குறைந்த ஒரு புதுப் பேனை. கொப்பி பிளாஸ்ரிக் உறைக்குள் இருக்கும். எழுதி முடித்த அன்றே ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துவிடுவேன். அப்பாவின் ஹீரோ பேனையில் அதே கரையும் நீல மைதான். பழைய பேனைக்கு அது பாதுகாப்பானது. அதனால் வீட்டுக் கணக்கும் நாளாந்தக் குறிப்பும் எழுதுகிறேன். அழிந்தாலும் என்னுடையது மட்டும்தான் அழியும்.