பிழையை எடுத்துக் கூறும் உரிமை

திருவனந்தபுரம் நகருக்கு வடக்கே, அரபிக் கடற்கரையில், தும்பா என்னும் மீனவர் சிற்றூர் உள்ளது. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூருக்கு மிக அருகில் செல்வதால், வானின் உயர் அடுக்குகளை ஆராய்வதற்கு ஏற்ற இடமென அது தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. ஊரிலிருந்த மாதா கோயில் கட்டடமே அந்நாளில் நிலையத்தின் அலுவலகமாகப் பயன்பட்டது. விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையமாகப் பின்னர் வளர்ந்த இந்த நிறுவனத்தின் ராக்கெட் நுட்பம் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆயினும் 1979-இல் அதன் ராக்கெட் ஒன்றுக்கு நேர்ந்த தோல்வி, நுட்பத்தோடு சேர்த்து வேறொரு பொருளையும் விளக்குகின்றது. ஓர் அலுவலகத்தில் பணிபுரிபவர் தாம் கண்ட குறையையோ தாம் செய்த பிழையையோ அச்சமின்றி மேலதிகாரியிடம் கூற இயலுகின்றதா என்பதே அப்பொருள்.

எஸ். எல். வி.-3 எனப்பட்ட அந்த ராக்கெட் சுமார் 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்டது. திட எரிபொருளால் இயங்கும் நான்கு அடுக்குகள் அதில் இருந்தன. சுமார் 40 கிலோகிராம் எடையுள்ள ரோகிணி செயற்கைக் கோளைப் பூமியைச் சுற்றிவரச் செய்வதே அதன் நோக்கம். திட்ட இயக்குநராக இருந்தவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஏ. பி. ஜே. அப்துல் கலாம், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் பேராசிரியர் சதீஷ் தவான்.

1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவப்படும் நிலையில் இருந்தது. ஏவுவதற்குச் சில நிமிடங்களே இருந்தபோது, கணிப்பொறி குறையொன்றைக் கண்டு வேலையை நிறுத்தி வைத்தது. இரண்டாம் அடுக்கின் திசையை நெறிப்படுத்தும் அமைப்பில், செறிந்த நைட்ரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்தது. கசிவு இருப்பினும் தேவைக்கு மேற்பட்ட அமிலம் கையிருப்பில் உள்ளதென நிபுணர்கள் கணக்கிட்டுக் கூறினர். கலாம் அதனை ஏற்று, கணிப்பொறியின் தடையைக் கடந்து, ராக்கெட்டை ஏவ முடிவு செய்தார். முதல் அடுக்கு செவ்வனே இயங்கிற்று. இரண்டாம் அடுக்கில் ராக்கெட் கட்டுக்கடங்காமல் புரண்டது. ஏவப்பட்ட 317 வினாடிகளில் பயணம் முடிந்து, செயற்கைக் கோளோடு கூடிய பகுதியும் வங்கக் கடலில் வீழ்ந்தது.

காரணம் பின்னர் ஆராய்ந்து கண்டறியப்பட்டது. அமிலத் தொட்டியின் மின்காந்த வால்வு ஒன்றில் மாசு சிக்கிக்கொண்டமையால், ஏவுவதற்கு முன் நடந்த சோதனையில் திறந்த அவ்வால்வு மீண்டும் மூடவில்லை. அமிலம் முழுவதும் வடிந்துவிட்டது. உயரத்தில் திசையைத் திருத்த வேண்டிய வேளையில் எரிபொருள் மட்டும் பாய்ந்தது. அதனை எரியச் செய்யும் அமிலம் இல்லாமையால் உந்துவிசை தோன்றவில்லை. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிறு மாசு பல ஆண்டு உழைப்பைக் கடலில் சேர்த்தது.

அன்று பத்திரிகையாளர் கூட்டம் ஒன்று நடைபெற வேண்டியிருந்தது. அதனைக் கலாமிடம் விடாமல் தவான் தாமே ஏற்றுக்கொண்டார். தோல்விக்கு நிறுவனத்தின் தலைவர் என்னும் முறையில் தாமே பொறுப்பு என்றும், தம் குழுவினரிடம் தமக்கு முழு நம்பிக்கை உண்டு என்றும், அவர்கள் அடுத்த முறை வெற்றி காண்பர் என்றும் அவர் கூறினார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணியை வெற்றியுடன் சுற்றுப்பாதையில் செலுத்தியபோது, பத்திரிகையாளரைச் சந்திக்கும்படி கலாமையே அவர் அனுப்பினார். கலாம் இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் பற்பல மேடைகளில் எடுத்துரைத்துள்ளார்.

இச்செய்தி பெரும்பாலும் ஒரு பெரியவரின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே கூறப்படுகின்றது. அஃது உண்மையே, ஆனால் அவ்வளவோடு நிறுத்திவிட்டால் பயன் குறைவு. பழியைத் தலைவர் வெளியே ஏற்றுக்கொண்டதனால் உள்ளே என்ன நிகழ முடிந்தது என்பதே கவனிக்கத்தக்கது. தோல்விக்குப் பின் நடந்த ஆய்வுக் கூட்டத்தில், தொழில்நுட்பக் காரணங்களைச் சக பணியாளர் விளக்கிய பிறகு, கலாம் எழுந்து, இறுதிக் கட்டத்தில் தெரியவந்த அமிலக் கசிவை அற்பமெனத் தாம் கருதியதே தவறு என்று கூறியதாகத் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதியுள்ளார். திட்ட இயக்குநரே இவ்வாறு கூறிய கூட்டத்தில், வால்வைப் பொருத்தியவரும் தொட்டியைச் சோதித்தவரும் தாம் செய்ததை மறைக்க வேண்டிய கட்டாயம் குறைகின்றது. வால்வில் சிக்கிய மாசு போன்ற நுண்ணிய காரணத்தைக் கண்டறிய, எந்த நிமிடத்தில் எந்தக் கட்டளை கொடுக்கப்பட்டது, யார் எதைக் கண்டார் என்பன அனைத்தும் மெய்யாகத் தெரிய வேண்டும். தண்டனைக்கு அஞ்சி இருவர் மௌனமாக இருப்பினும் ஆராய்ச்சி திசை மாறிவிடும்.

உளநூலார் இந்நிலையை உளப் பாதுகாப்பு என்று வழங்குகின்றனர். வினா எழுப்பினாலோ, பிழையை ஒப்புக்கொண்டாலோ, மாற்றுக் கருத்துக் கூறினாலோ தமக்கு இழிவும் இடையூறும் நேரா என்று ஒரு குழுவினர் அனைவரும் நம்புவதே அது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஏமி எட்மண்ட்சன் 1999-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பின் இச்சொல் பெரிதும் பரவியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் மருத்துவமனைகளில், நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. கிடைத்த எண்ணிக்கையோ நேர்மாறாக இருந்தது. அக்குழுக்களிலேயே தவறுகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் மிகுதியாகத் தவறு செய்தனர் என்பதன்று இதன் பொருள். நேர்ந்த தவறுகளை அவர்கள் மறைக்கவில்லை. பிழையே இல்லாத அறிக்கையைக் கண்டு மகிழும் அதிகாரிகள் இம்முடிவைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

அச்சமின்றிப் பேசினால் தோல்வி நேராது என்று கொள்ளுதல் கூடாது. 1979-இல் கசிவு மறைக்கப்படவில்லை. நிபுணர்கள் தம் கருத்தை வெளிப்படையாகவே கூறினர். கணிப்புத் தவறிற்று, அவ்வளவே. ஆனால் எச்சரிக்கை மேலே செல்லாமல் தடைப்படும் இடத்தில் நேர்வது வேறு வகையானது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதறி, அதிலிருந்த எழுவரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியை. திட எரிபொருள் ராக்கெட்டின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் நெகிழ்ச்சி இழக்கும் என்று, அந்த ராக்கெட்டை உருவாக்கிய நிறுவனத்தின் பொறியியலார் முந்திய நாள் மாலையே எச்சரித்திருந்தனர். ஏவுவது ஆபத்தானது என்று ஐயமற மெய்ப்பிக்கும் சுமை அவர்கள் மேலேயே சுமத்தப்பட்டது. அவர்தம் மேலாளர்கள் முடிவை மாற்றிக்கொண்டனர். ஏவுதலுக்கு இறுதி ஒப்புதல் அளித்த உயர் அதிகாரிகளுக்கு அந்த எச்சரிக்கை எட்டவே இல்லை என்பதை விசாரணைக் குழு கண்டறிந்தது.

உளப் பாதுகாப்பு என்பது கண்டிப்பின்மை என்று சிலர் எண்ணுவர். திருவனந்தபுரத்தின் பிற்கால வரலாறு இதனை மறுக்கின்றது. ஏ. எஸ். எல். வி. ராக்கெட் 1987 மார்ச்சிலும் 1988 ஜூலையிலும் அடுத்தடுத்துத் தோல்வியுற்றது; விரிவான ஆய்வுகளுக்கும் மாற்றங்களுக்கும் பின்னர் 1992 மே மாதத்தில்தான் அது வெற்றி கண்டது. பி. எஸ். எல். வி. ராக்கெட்டின் முதல் பயணம் 1993 செப்டம்பர் 20 அன்று தோல்வியில் முடிந்தது. மென்பொருளில் இருந்த பிழையும் கண்டு திருத்தப்பட்டு, 1994 அக்டோபர் 15 அன்று வெற்றி கிட்டியது. ஆய்வுக் கூட்டங்களில் வினாக்கள் கடுமையானவையே. ஆனால் வினா வால்வைப் பற்றியதா, வால்வைப் பொருத்தியவரின் யோக்கியதையைப் பற்றியதா என்பதில்தான் வேறுபாடு உள்ளது. நிறுத்தச் சொல்லும் உரிமையும் இத்துடன் சேர்ந்ததே. 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 புறப்பட ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருந்தபோது, குறையொன்று தென்பட்டமையால், நாடு முழுவதும் விழித்துக் காத்திருந்தும், ஏவுதல் நிறுத்தப்பட்டது. ஒரு வாரத்தில், ஜூலை 22 அன்று, அது புறப்பட்டது.

ராக்கெட் நிலையத்துக்குரிய இந்நெறி, மழைமானி நிலையத்துக்கும் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கும் பொருந்தாது என்பதற்கில்லை. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழையளவைக் குறிக்க வேண்டிய ஊழியர் ஒருநாள் தவறவிட்டார் எனில், அக்கட்டத்தை வெறுமையாக விட்டு, காரணத்தைக் குறிப்புப் பத்தியில் எழுதுவதே முறை. வெற்றுக் கட்டத்துக்காக விளக்கம் கோரும் கடிதம் வருமென அறிந்தவர் உத்தேசமாக ஓர் எண்ணை நிரப்பிவிடுவார். வெற்றிடம் எவரையும் ஏமாற்றாது. பொய்யான எண்ணோ அந்த ஆண்டின் சராசரியில் கலந்து நிலைத்துவிடும். பயிர்ப் பரிசோதனைத் திடலில் முளைக்காத விதையைப் பற்றிய அறிக்கையும் இத்தகையதே.

ஆய்வுக்கூடத்தில் நிகழ்வதை ஆசிரியர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் மாணவனுக்கு 940 என்று விடை வருகின்றது. 980-ஐ ஒட்டி வரவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அலைவு நேரத்தைச் சிறிது குறைத்து எழுதுகின்றான், முழு மதிப்பெண் பெறுகின்றான். அவனைப் பொய் எழுதத் தூண்டியது மதிப்பெண் வழங்கும் முறையே. 940 எழுதியவனை அழைத்து, ஊசலின் நீளத்தை எங்கிருந்து எங்குவரை அளந்தாய், அலைவுகளை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாயா, சுழியிலிருந்தா என்று ஆசிரியர் கேட்கலாம். பெரும்பாலும் அவ்விரண்டில் ஒன்றில் பிழை அகப்படும். சில வேளைகளில் பள்ளியின் நிறுத்து கடிகாரமே தவறாக ஓடுவது தெரியவரும். அந்தக் கடிகாரம் பல ஆண்டுகளாக அவ்வாறு ஓடியிருந்தும், எல்லாக் குறிப்பேடுகளிலும் 980 என்றே எழுதப்பட்டிருக்கும்.