பத்து மணிக் கையெழுத்து

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று மதுரை மத்திய சிறையில் இருந்த ரவிச்சந்திரன், 2018 மார்ச்சில் 15 நாள் பரோலில் அருப்புக்கோட்டைக்கு வந்தார். சொத்துப் பிரிவினைக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுமதித்த விடுப்பு அது. 2021 நவம்பரில் மறுபடி வெளியே வந்தார். அந்த விடுப்பை நீட்டித்துக்கொண்டே போனார்கள். 2022 நவம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் வெளியில் இருந்தார், வானம் இடிந்து விழவில்லை.

அவருக்காக வாதாட வழக்கறிஞர்களும் குரல் கொடுக்கக் கட்சிகளும் இருந்தார்கள். பெயர் தெரியாத கைதிக்குத் தமிழ்நாட்டின் 1982-ம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள்தான் கதி. சாவு, கல்யாணம், கடும் நோய் என்றால் அவசரகால விடுப்பு. வீடு கட்ட, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க சாதாரண விடுப்பு. இவை அரசு போட்ட விதிகள். சட்டமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. ஹரியானா 1988-லேயே இதற்கெனத் தனிச் சட்டம் போட்டுவிட்டது. இத்தனைக்கும் குற்றவாளியைச் சிறைக்கு வெளியே வைத்துத் திருத்தும் நன்னடத்தைக் கண்காணிப்பில் (புரொபேஷன்) முந்திக்கொண்டது சென்னை மாகாணம்தான்: இங்கே 1936-ல் சட்டம், மத்திய சட்டமோ 1958-ல்.

விடுப்பு கேட்டவரின் வீட்டுக்குப் போய் விசாரிப்பவர் நன்னடத்தை அலுவலர். ஆள் வெளியே வந்தபின் கண்காணிப்பு என்பது பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷன் நோட்டில் போடும் கையெழுத்துதான். விடுப்பில் வந்தவரும் வேலைக்குப் போக வேண்டுமே. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை வேன் விடிந்ததும் ஊருக்குள் வந்துவிடும். பத்து மணிக்குக் கையெழுத்து என்றால் வேனை விட வேண்டியதுதான். “ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, அப்படி உட்காரு” என்பார் ரைட்டர். செய்த உருப்படிக்குத்தான் கூலி என்ற தொழிலில் அன்றைய வருமானம் போச்சு. நாலு நாள் இப்படிப் போனால் போர்மேன் வேறு ஆள் பார்ப்பார். தப்பு செய்யாமல் பிழைக்க இருக்கிற ஒரே வழியையும் அடைத்துவிட்டு, நன்னடத்தையை யாரிடம் எதிர்பார்க்கிறோம்?

2023-ல் மத்திய உள்துறை மாதிரிச் சிறைச் சட்டம் ஒன்றை மாநிலங்களுக்கு அனுப்பியது. விடுப்பில் போகிறவர் சம்மதித்தால் உடம்பில் மின்னணுக் கண்காணிப்புக் கருவி மாட்டலாம் என்கிறது அது. செல்போனுக்கே தடையுள்ள பட்டாசு ஆலை மருந்து அறைக்குள் பேட்டரிக் கருவியோடு யாரை விடுவார்கள்? டெல்லியில் எழுதியவர்களுக்குப் பட்டாசு ஆலைகள் உள்ள வெம்பக்கோட்டை தெரிந்திருக்க நியாயமில்லை.

சிறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நம் சட்டமன்றமே எழுதலாம். விடுப்பு மனுவுக்கு இத்தனை நாளில் பதில், மறுத்தால் எழுத்தில் காரணம் என்பது முதல் பிரிவாக இருக்கட்டும். கண்காணிப்பு காவல் நிலையத்திடமிருந்து நன்னடத்தை அலுவலருக்கு மாறட்டும். அதற்கு ஆளும் வண்டியும் தர வேண்டும். கையெழுத்தை ஆலை விட்ட பிறகு, சாயங்காலம் ஏழு மணிக்கு வைத்தால் அரசுக்குக் காசு செலவே இல்லை.