வீதி விதிகளை மனனம் செய்வதா, விளங்கிக்கொள்வதா?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்று தொழிலுக்கும் கல்விக்கும் மோட்டார் சைக்கிளே பெருந்துணையாக விளங்குகின்றது. ஆதலால் பதினெட்டு வயதை எட்டும் இளைஞரும் யுவதிகளும் சாரதி அனுமதிப்பத்திரம் பெறுவதில் ஆர்வம் காட்டுவது இயல்பே. அதன் வாயிற்படியாக அமைவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் நடத்தும் எழுத்துப் பரீட்சையாகும். நாற்பது பல்தேர்வு வினாக்களைக் கொண்ட இப்பரீட்சைக்குத் தமிழிலேயே தோற்ற முடியும்.

ஆயினும் பலர் இதற்கு ஆயத்தமாகும் முறை கவலைக்குரியது. பழைய வினாத்தாள்களைத் தேடிப்பெற்று, இன்ன படத்துக்கு இன்ன விடை என்று முதல்நாள் இரவில் மனனம் செய்கின்றனர். பரீட்சை மண்டபத்தில் இது கைகொடுக்கலாம். வீதியோ வினாத்தாளின் ஒழுங்கில் வினாக்களைத் தொடுப்பதில்லை.

விதிகளின் காரணத்தை அறிந்தால் மனனத்துக்குப் பெரிதும் தேவையில்லை. வீதிச் சமிக்ஞைகளையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் நிறச் சாய்சதுரம் முன்னாலுள்ள ஆபத்தை எச்சரிக்கின்றது. சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடுக்கின்றது. நீல வட்டம் கட்டாயமாகச் செய்யவேண்டியதைக் கூறுகின்றது. நிறுத்துமாறு பணிக்கும் பலகை மட்டும் எண்கோணமாக இருப்பதால், எழுத்து அழிந்தாலும் பின்புறமிருந்து பார்த்தாலும் அதனை அடையாளம் காணலாம். இந்த ஒழுங்கை விளங்கிக்கொண்டவர் முன்பின் கண்டிராத பலகையையும் ஓரளவு வாசித்துவிடுவார்.

வேக எல்லையும் அத்தகையதே. குடிமனைகள் நிறைந்த பகுதிகளில் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் மணிக்கு 50 கிலோமீற்றர், முச்சக்கர வண்டிக்கு 40 கிலோமீற்றர் என்பது வெறும் இலக்கமன்று. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீற்றரைக் கடக்கின்றது. ஆபத்தைக் கண்ட சாரதியின் கால் பிரேக்கை நாடுவதற்குள் அவ்வளவு தூரம் கழிந்துவிடும். வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்தபின் வாகனம் ஓடும் தூரமோ நான்கு மடங்காகும். கல்முனை, களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி, காத்தான்குடி என மக்கள் நெருங்கி வாழும் ஊர்களை ஊடறுத்துச் செல்லும் ஏ-4 வீதியில் இக்கணக்கு எத்துணை முக்கியமானது என்பதை விளக்கவேண்டியதில்லை.

நமது வீதிகளும் மாறிவிட்டன. 1924 இல் திறக்கப்பட்ட ஒடுங்கிய கல்லடிப் பாலத்தில் எதிரே வரும் வாகனத்துக்காகக் காத்திருப்பதே வழமையாக இருந்தது. 2013 இல் அதனருகே அகன்ற புதிய பாலம் வந்தது. படகுப் பாதையை நம்பியிருந்த மண்முனைத் துறைக்கு 2014 இல் பாலம் கிடைத்தது. பயணம் இலகுவாயிற்று, வேகமும் கூடிற்று. நம்மவர் கொழும்புக்குச் செல்லும் வழியிலுள்ள மன்னம்பிட்டியில் 2023 யூலையில் பஸ்ஸொன்று பாலத்திலிருந்து ஆற்றில் வீழ்ந்து பலர் உயிரிழந்ததை நாம் மறந்துவிட முடியாது.

அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் காயும் நெல், இரவில் தாரில் படுத்திருக்கும் மாடுகள், படுவான்கரையில் திடீரென எதிர்ப்படும் யானை ஆகியவற்றுக்கு வினாத்தாளில் விடை தேடிப் பயனில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் செல்லவேண்டும் என்ற ஒரே விதி இவை அனைத்துக்கும் விடையாகும்.

மொழியிலும் ஓர் இடர் உண்டு. ‘ஓவர்டேக்’ என்றே பேசிப் பழகியவர் ‘முந்திச் செல்லல்’ என்ற சொல்லை வினாத்தாளில் கண்டு தடுமாறுகின்றார். சாரதி பயிற்சிப் பாடசாலைகள் இரு சொற்களையும் சேர்த்தே கற்பிப்பது பயன்தரும். நகரச் சுற்றுவட்டத்தருகே மாணவரை நிறுத்தி, வலப்புறமிருந்து வரும் வாகனத்துக்கு ஏன் வழிவிடவேண்டும் என்பதை நேரில் காட்டினால் அது நெஞ்சில் பதியும். வீட்டிலும் பெற்றோர் பிள்ளையிடம் விடையைக் கேட்பதோடு நில்லாது, அதன் காரணத்தையும் கேட்கவேண்டும்.

பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதையும் ஈமானின் ஒரு பகுதியாகக் கொள்கின்றது இஸ்லாம். இன்னா செய்யாமைக்குத் தனி அதிகாரமே வகுத்துள்ளது திருக்குறள். இவ்விரு மரபுகளிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு வீதி விதி அந்நியமானதன்று. அனுமதிப்பத்திரம் ஒருமுறை பெறப்படுவது. காலையில் புறப்பட்டவர் மாலையில் வீடு திரும்புவதோ நாள்தோறும் பெறவேண்டிய சித்தியாகும்.