கண்மாய் மடைகளின் திருகு ஷட்டர்கள்: தெரிந்தெடுத்தலும் பராமரித்தலும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் நன்செய்ப் பயிரின் உயிர்நிலை மடையிலே இருக்கிறது. 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைக்குத் திருப்பப்பட்டது முதல், பேரணையிலிருந்து மேலூர் வரை கால்வாய்ப் பாசனம் பரவியது. எனினும், வந்த நீரை வேண்டும்போது விடவும் வேண்டாதபோது நிறுத்தவும் மடை செவ்வையாக இயங்காவிடில் பயன் குறைவே. பூர்வீகக் குமிழி மடைகளில், துவாரத்தை அடைத்த கட்டையை நீர்பாய்ச்சி மூழ்கித் தூக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பல கண்மாய்களில் திருகு ஷட்டர்கள் அமைந்தன. இவற்றில் மேலே சக்கரமும் மரையும் சுற்ற, திருகுத் தண்டு சுற்றாமல் நேரே ஏறி ஷட்டரைத் தூக்கும்.

இரண்டு அடிச் சதுரமுள்ள ஷட்டரின் நடுவுக்கு மேல் 10 அடி நீர் நின்றால், அதன்மேல் அழுத்தம் ஏறத்தாழ 2,500 இராத்தல். அதாவது 1,100 கிலோவுக்கு மேல். உராய்வு அதில் மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால், ஷட்டரின் எடையையும் சேர்த்து ஆயிரம் இராத்தல் வரை தூக்க வேண்டும். சக்கரத்தின் ஆரம் ஓர் அடியும், திருகில் அங்குலத்திற்கு மூன்று புரிகளும் இருப்பின், கை 75 அங்குலம் செல்ல ஷட்டர் மூன்றில் ஒரு பங்கு அங்குலமே ஏறும். புரிகளின் உராய்வு ஐந்தில் நான்கு பங்கு உழைப்பை விழுங்கினாலும், ஒருவன் 20 இராத்தலுக்குச் சிறிது மேற்பட்ட விசை கொடுத்தால் போதும். அவ்வுராய்வு வீணன்று; கையை எடுத்தபின் ஷட்டர் தானே இறங்காமல் நிற்பது அதனாலேயே.

புதிதாக அமைப்போர் தண்டின் பருமனை முதலில் கவனித்தல் வேண்டும். தூக்கும்போது தண்டு இழுபடுகிறது. அதற்கு மெல்லிய தண்டும் தாங்கும். மூடும்போதோ அமுக்கப்படுகிறது, மெலிந்த நீண்ட தண்டு வளைந்துவிடும். ஆகையால் தண்டைத் தாங்கும் வளையங்களுக்கிடையே உள்ள தூரம் தண்டின் குறுக்களவைப்போல் 50 மடங்குக்கு மேற்படலாகாது. ஒன்றரை அங்குலத் தண்டுக்கு இது ஆறேகால் அடி. செலவைக் குறைக்க வளையங்களை விட்டுவிடுவது பொய்ச் சிக்கனமாகும். மரை வெண்கலமாயிருத்தல் சிலாக்கியம். இரும்புத் தண்டில் இரும்பு மரை துருவால் ஒட்டிக்கொள்ளும்; வெண்கல மரையோ தான் தேய்ந்து, விலையுயர்ந்த தண்டைக் காக்கும். புரிகள் கூர்மையாயிராமல் சதுரமாகவோ தட்டை முகமுடையனவாகவோ இருத்தல் நலம். அவை நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்குமாறு அமைப்பதும் அவசியம்.

பராமரிப்புக்கு ஏற்ற காலம் கண்மாய் வற்றியிருக்கும் கோடை. ஷட்டர் ஏறியிறங்கும் காடிகளில் படிந்த வண்டலையும் வேர்களையும் சுரண்டி நீக்க வேண்டும். அடிப்படியில் கல் தங்கிக் கால் அங்குல இடைவெளி விட்டால், மேற்சொன்ன ஆழத்தில் ஒரே நாளில் ஓர் ஏக்கரில் 15 அங்குலம் நிற்கக்கூடிய நீர் வீணாய்ப் போகும்! திருகில் பழைய கிரீஸின்மேல் புதியதைத் தடவுவது அநேக இடங்களில் வழக்கம், இது தீங்கு. காற்றில் வந்த மணல் அதிற் கலந்து, சாணைபோல் மரையைத் தேய்க்கும். கம்பித் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் துடைத்த பின்னரே புதிய கிரீஸ் இடுக. துடைத்த எண்ணெய் கண்மாயில் விழலாகாது. மாதம் ஒரு முறையேனும் ஷட்டரைச் சிறிது ஏற்றியிறக்கினால் துரு பிடித்து இறுகாது.

சக்கரம் இறுகினால் கடப்பாரையைச் செருகி நெம்புவதே தண்டுகள் வளைவதற்கு முதற் காரணம். மேற்சொன்ன ஷட்டர் முழுதும் மூட 72 சுற்றுகள் வேண்டும். அவ்வெண்ணிக்கையை மடைக் கல்லில் வண்ணத்தால் எழுதி வைக்கலாம். எண்ணிக்கை முடியுமுன் சக்கரம் நின்றால் அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அறிக. அப்போது அமுக்காமல் பத்துப் பதினைந்து சுற்று மேலே தூக்கி, பாயும் நீர் அதை அடித்துச் செல்லும்வரை பொறுத்து, மீண்டும் மெல்ல இறக்க வேண்டும்.