நிலைப்படிக்கு அடியில் ஒரு காலணா... பழைய வீட்டைப் பிரிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்!

தை பிறந்துவிட்டால் போதும், தொண்டாமுத்தூர், நரசீபுரம், ஆலாந்துறைப் பக்கம் எங்காவது ஒரு வீட்டில் ஓடு பிரிக்கிற சத்தம் கேட்கும். வீட்டில் ஒரு கல்யாணம் கூடி வந்திருக்கும். ‘அப்பாரு காலத்து வீடு, கொஞ்சம் சரி பண்ணிக்கலாமுங்க’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்ப்பார். ஆசாரி விட்டத்தில் உளியால் குத்திப் பார்ப்பார். சாயங்காலத்துக்குள் அட்டாலியில் இருந்ததெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். தகரப் பெட்டி, காது உடைந்த ஜாடி, மரப்படி, கரையான் தின்றது போக மிஞ்சிய ஒரு கட்டுக் காகிதம்.

அந்தக் காகிதக் கட்டு பெரும்பாலும் அன்றைக்கே அடுப்புக்குப் போகிறது. மரப்படி பழைய சாமான் வண்டிக்குப் போகிறது. நிலைக்கதவை மர வியாபாரி வந்து விலை பேசிவிட்டுப் போகிறார். வீடு எந்த வருஷம் கட்டியது, யார் கட்டியது என்று பேரன் கேட்டால், சொல்ல ஆள் இருக்காது. ஆனால் வீட்டைப் பிரிக்கிற அந்த ஒரு வாரத்தில், இதற்கெல்லாம் அந்த வீடே பதில் வைத்திருக்கும்.

ஓட்டைத் திருப்பிப் பாருங்கள்

நொய்யல் கரைப் பழைய வீடுகளில் முதலில் இருந்தது நாட்டு ஓடு. குயவர் வனைந்த, அரை வட்டமாக வளைந்த சின்ன ஓடு. அதன்மேல் பெயரும் இருக்காது, வருஷமும் இருக்காது. பிறகு வந்தது சீமை ஓடு. 1865-ல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கினார். கோழிக்கோடு, பாலக்காடு என்று அதன் ஆலைகள் பின்னர் பெருகின. பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் கோவை. சென்னையிலிருந்து பேப்பூர் போகும் ரயில் பாதை 1862-லேயே போத்தனூரைத் தொட்டுவிட்டது. ஓடு வர வேறென்ன வேண்டும்?

இந்த ஓடுகளில் ஆலையின் பெயரையும் ஊரையும் அச்சாகப் பதித்திருப்பார்கள். ‘பாசல் மிஷன்’ என்று இருந்தால், பெரும்பாலும் அது முதல் உலகப் போருக்கு முந்தைய ஓடு. ஏனென்றால் ஜெர்மானியத் தொடர்பு இருந்த அந்த ஆலைகளைப் போர்க்காலத்தில் ஆங்கிலேய அரசு தன் பிடிக்குள் கொண்டுவந்தது. போர் முடிந்ததும் அவை காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஓட்டில் அந்தப் பெயர் இருந்தால் காலத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டை, சிறுவாணி அடிவாரத்து மாட்டுக் கட்டுத்தரையின் கூரையில் எழுதியிருக்கிறது!

ஒன்று கவனிக்க வேண்டும். ஓட்டின் வயது கூரையின் வயதுதான், சுவரின் வயதல்ல. காற்றுக்கும் குரங்குக்கும் உடைந்து, இரண்டு மூன்று தடவை மாற்றிய கூரைகளே அதிகம். அதனால் ஒரே ஓட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. பத்துப் பதினைந்து ஓடுகளைத் திருப்பிப் பார்த்தால், எது முதலில் போட்டது, எது ஒட்டுப்போட்டது என்று தெரிந்துவிடும்.

மெத்தை போட்ட வீடாக இருந்தால், தாங்குகிற இரும்பைப் பார்க்க வேண்டும். உத்திரத்துக்குப் பதில் இரும்பு கர்டர் வந்த காலத்தில், அதன் வயிற்றில் ஆலையின் பெயர் புடைத்து நிற்கும். தமிழ்நாட்டின் பழைய கட்டடங்களில் ‘டார்மன் லாங்’ என்ற பெயரைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரத்து நிறுவனம் அது. 1932-ல் திறந்த சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டியதும் அவர்களே. சில வீடுகளில் கர்டருக்குப் பதிலாகப் பழைய ரயில் தண்டவாளத்தையே போட்டிருப்பார்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டில் ஆலையின் பெயரோடு, உருக்கிய வருஷமும் இருக்கும். சுரண்டிப் பார்க்க ஒரு கம்பித் தூரிகை போதும்.

துந்துபி வருஷம் எந்த வருஷம்?

சில விட்டங்களில் சாமி பெயரோடு ஒரு தமிழ் வருஷமும் மாசமும் செதுக்கியிருக்கும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒரு தடவை திரும்பி வரும். விட்டத்தில் ‘துந்துபி’ என்று இருந்தால் அது 1862 ஆகவும் இருக்கலாம், 1922 ஆகவும் இருக்கலாம், 1982 ஆகவும் இருக்கலாம். ‘எங்க வீட்டுக்கு நூத்தி அறுபது வயசு’ என்று பெருமையாகச் சொல்வதற்கு முன், கூரையில் முதலில் போட்டதே மங்களூர் ஓடு என்றால், அந்த ஆலையே தொடங்காத 1862 அடிபட்டுப் போகும். சுவர் மண்ணும் சுண்ணாம்புமாக இருந்து, பழைய மின் ஒயர்கள் மரப்பட்டைக்குள் ஓடினால் 1982-ஐயும் தள்ளிவிடலாம். மிஞ்சுவது 1922. இன்னொன்று, தை, மாசி, பங்குனி என்று மாசம் போட்டிருந்தால், ஆங்கில வருஷத்தில் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மரப்பட்டை ஒயரிங் என்பதும் ஒரு காலக்கணக்குதான். நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. கோவை மில்களுக்கும் கிணற்று மோட்டார்களுக்கும் மின்சாரம் அங்கிருந்து வந்தது. அதற்கு முன் கட்டிய வீட்டின் சுவரில் விளக்கு மாடம் இருக்கும், மாடத்துக்கு மேலே நாக்கு மாதிரி கரி படிந்திருக்கும். அதற்கு அடுத்த காலத்தில் வட்டமான பீங்கான் சுவிட்ச் வந்திருக்கும். கோவைக்குப் பக்கத்து மதுக்கரையில் 1934-ல் சிமென்ட் ஆலை வந்தது. அதன்பின் திண்ணையில் சாணம் போய், வழவழவென்று சிவப்புத் தரை வந்தது.

சமையல்கட்டில் ஆட்டுரல் பதித்திருந்த குழி இருக்கிறதா என்று பாருங்கள். மேலே ஜல்லி போட்டு மூடியிருப்பார்கள். 1955-ல் கோவையில் வெட் கிரைண்டர் பிறந்து, மெல்ல மெல்ல வீடுகளுக்குள் வந்தபோது மூடிய குழி அது. அந்தக் குழியைச் சுற்றித் தரை தேய்ந்திருக்கிறதே, அங்கே உட்கார்ந்து மாவாட்டிய அப்பத்தாக்களின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. அந்த வீட்டில் அவர்கள் விட்டுப்போன எழுத்து அந்தத் தேய்மானம் ஒன்றுதான். டைல்ஸ் போடுவதற்கு முன் ஒரு போட்டோவாவது எடுத்து வைக்கலாம்.

நிலைப்படி ரகசியம்

நிலை வைக்கும் நாளில் நவதானியமும் காசும் அடியில் போட்டு வைப்பது இன்றைக்கும் நடக்கிற வழக்கம். பழைய நிலையைக் கழற்றும்போது அடியில் அந்தக் காசு கிடைக்கும். ஓர் ஓரத்தைச் சுத்தம் செய்து வருஷத்தைப் படித்தால், நிலை வைத்தது அந்த வருஷத்துக்கு முன்னால் இருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லலாம். நடுவில் ஓட்டை உள்ள காலணா கிடைத்தால், அது 1943-க்கும் 1947-க்கும் இடையில் அச்சடித்த காசு. உலகப்போரில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது நடுவில் ஓட்டை போட்டு மிச்சம் பிடித்த காசு அது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். எழுத்து மழுங்கிவிடும், காசின் மதிப்பும் போய்விடும்.

வீட்டுக்குள் எதையாவது ஒளித்து வைத்துக் காவல் கேட்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் பழைய வீடுகளின் சுவருக்குள்ளும் புகைபோக்கிக்குள்ளும் தேய்ந்த செருப்புகளும் ஷூக்களும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. நார்த்தாம்ப்டன் அருங்காட்சியகம் இப்படிக் கிடைத்தவற்றுக்கென்று தனிப் பதிவேடே வைத்திருக்கிறது. ஏன் வைத்தார்கள் என்று எழுதிவைத்தவர் யாரும் இல்லை. கெட்டது உள்ளே வராமல் இருக்கத்தான் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

புதையல் என்றால் எது?

சரி, ஒரு காலணாவோடு நிற்காமல் ஒரு சொம்பு நிறையக் காசு கிடைத்தால்?

கொங்குச் சீமையில் இது வெறும் கதையல்ல. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-ல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. 1891-ல் மறுபடியும் அதே ஊரில், அதே அளவுக்கு இன்னொரு குவியல். மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்கும் அதற்கு அப்பாலும் போன வணிகத்தின் மிச்சம் அது. தொண்டாமுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற போளுவாம்பட்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1979 முதல் 1981 வரை அகழாய்வு செய்தது. பேரூரில் அதற்கு முன்பே தோண்டியிருக்கிறது. ஆக, இந்தப் பக்கம் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது கறுப்பும் சிவப்புமாக ஓர் ஓட்டாஞ்சில்லு வந்தால், ‘ஏதோ பழைய சட்டி’ என்று எறிந்துவிட வேண்டாம்.

இதற்கு 1878-ல் போட்ட இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மட்டுமல்ல, மண்ணோடு பொருத்திய எதற்குள்ளும் மறைந்திருப்பதையும் அது புதையல் என்கிறது. அதாவது, சுவருக்குள் இருந்தாலும் புதையல்தான். மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். (பத்து ரூபாய் என்பது 1878-ன் கணக்கு. இன்றைக்கு டீக்குக்கூடப் பத்தாது. ஆனாலும் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.) மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு, கிடைக்க வேண்டிய பங்கும் போய்விடும்.

பயந்து மறைக்கிறவர்கள் பலரும் அறியாத பகுதி இனிமேல்தான் வருகிறது. உரிமை கோரி யாரும் நிற்காமல், பொருள் உரிமையாளர் இல்லாதது என்று ஆட்சியர் அறிவித்தால், முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு இடத்துக்காரருக்கு. இருவருக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் இதுதான் கணக்கு. அரசே பொருளை எடுத்துக்கொண்டால், அதன் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும். புதைத்து நூறு ஆண்டுக்குள்தான் ஆகிறது, புதைத்தவர் எங்கள் பாட்டன் என்று ஒருவர் வந்தால், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய் நிரூபிக்க அவகாசம் கிடைக்கும்.

வீட்டின் வயதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் இல்லை. நிலைப்படிக் காசும் விட்டத்து வருஷமும் இங்கே சாட்சியாகிவிடும்.

அடுப்புக்குப் போகிற காகிதம்

ஆனாலும், வீட்டைப் பிரிக்கும்போது அதிகம் அழிவது தங்கமும் வெள்ளியும் அல்ல, எழுத்துதான். ஆடிப் பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டதையும், கோயில் சுவடிகளை ஆகுதியாக நெருப்பில் போட்டதையும் கேட்டுத் துடித்துப்போனதை உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வீடு வீடாக ஏறி இறங்கி அவர் தேடியிராவிட்டால் பல நூல்கள் இன்று பெயரளவில்தான் இருந்திருக்கும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் கழித்துக் கட்டியதையெல்லாம் சேர்த்தார். 1994-ல் சென்னையில் அவர் பெயரில் எழுந்த ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம் அந்தச் சேகரிப்புதான்.

தொண்டாமுத்தூர் வீட்டுத் தகரப் பெட்டியில் சங்க இலக்கியம் இருக்காதுதான். கிஸ்தி கட்டிய ரசீது இருக்கும், பாகப் பிரிவினைப் பத்திரம் இருக்கும், மஞ்சள் விற்ற கணக்கு நோட்டு இருக்கும், சீர் எழுதிய சிட்டை இருக்கும். நான்கு பேருக்குப் பங்குள்ள பூர்வீக நிலத்தில் வழக்கு வந்தால், கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறைத் தண்ணீர் என்பதை அந்தக் காகிதம் சொல்லும். எரித்த பிறகு அலைந்து பயனில்லை.

ஏட்டுச்சுவடி கிடைத்தால் தண்ணீரில் நனைக்கவோ, ஒட்டிக்கொண்ட ஏடுகளை இழுத்துப் பிரிக்கவோ கூடாது. நிழலில், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசிப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சுவடித் துறையிலும் சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் இருக்கிறார்கள். காசோ சிலையோ கிடைத்து ஆட்சியருக்குத் தெரிவித்தபின், அது என்ன என்று கேட்கக் கோவையிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது.

சுவருக்கும் ஒரு வார்த்தை

இடிக்காமல் சரிசெய்வதாக முடிவெடுத்தவர்கள் செய்கிற பெரிய தப்பு, மண் சுவர் மேலும் சுண்ணாம்புச் சுவர் மேலும் சிமென்ட் பூசுவது. பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி, இரண்டு மூன்று மழைக்குப் பிறகு பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அப்போது ‘பழைய சுவரே இப்படித்தானுங்க, இடிச்சிரலாம்’ என்பார்கள். பழி சுவர்மேல் விழுந்துவிடும். சுண்ணாம்பு, மணலோடு கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்த்து அரைத்த காரைதான் அதற்குப் பொருத்தம். செலவும் நாளும் கூடத்தான் ஆகும். அந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடவும் வேண்டும்.

காரைக்குடிப் பக்கத்துக் கொத்தமங்கலத்தில், 1910-ஐ ஒட்டிக் கட்டிய சாரதா விலாஸ் என்ற மாளிகையை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் வாங்கி, பழைய முறையிலேயே சீர்செய்தார்கள். இன்று அங்கே விருந்தினர் தங்குகிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பிடித்தன. கொங்கின் தொட்டிக்கட்டு வீட்டுக்கு அந்த மாளிகையின் ஆடம்பரம் கிடையாது. பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்கும் அதில் இல்லை. களத்து நெல்லும் மாட்டு மூச்சும் சுற்றியிருந்த சம்சாரி வீடு அது. பட்டியலில் சேர்க்க யாரும் தேடி வரப்போவதில்லை.

ஆகவே வேலை தொடங்கும் அன்றைக்கு வீட்டுக்காரர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கூலிக்கு வந்தவர்களிடம் காலையிலேயே, ‘எது கெடச்சாலும் அப்படியே வெச்சுட்டு ஒரு சத்தம் குடுங்க’ என்று சொல்லிவிடுங்கள். அளவுக்கு ஓர் ஆறங்குல ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, இருக்கிற இடத்திலேயே போன் கேமராவில் படம் எடுங்கள். நிலையைக் கழற்றுகிற நாளன்று வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு நாற்காலி போட்டு அவர்களையும் வாசலில் உட்கார வையுங்கள். அந்த நிலை வைத்த நாளில் யார் யார் வந்திருந்தார்கள், என்ன விருந்து போட்டார்கள் என்று தங்கள் அம்மா சொல்லக் கேட்டவர்கள் அவர்கள்தான்.